மரத்தில் குடியிருக்கும் டரான்டுலா: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். பர்மிங்காமில் படிக்கிறான். "மாமா, பிங்க்டோ டரான்டுலா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மழைக்காட்டுச் சிலந்தியாமே, பெட்டியை எப்பவும் ஈரமா வெச்சிருக்கணுமா?" என்று கேட்டான். விலை, தீனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் கேட்டானே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மரத்தில் வாழும் சிலந்திகள் வீடுகளில் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் அந்த ஈரம்தான் காரணம். அன்று அவனிடம் பேசியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டரான்டுலா என்பது ஒரு சிலந்தியின் பெயர் இல்லை. தெரபோசிடே என்ற குடும்பத்தில் 1000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தரையில் வாழ்பவை. வளை தோண்டும், அல்லது கல்லுக்கும் விழுந்த மரத்துக்கும் அடியில் ஒடுங்கும். கொஞ்ச இனங்கள் மட்டும் மரத்துக்குக் குடிபோய்விட்டன. பட்டையின் இடுக்கு, மரப்பொந்து, இலைகளின் நடுவே நூலால் பின்னிய குழாய், இவைதான் அவற்றின் வீடு.

உடம்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தரைச் சிலந்திக்கு வயிறு கனமாக இருக்கும், நடை நிதானம். மரச் சிலந்தி மெலிந்தது, கால் நீளம், பாதம் அகலம். அந்தப் பாதத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய முடிகள் ஆயிரக்கணக்கில் அடர்ந்திருக்கும். பசை எதுவும் கிடையாது. அத்தனை முடிகளும் ஒரே நேரத்தில் ஒரு பரப்பைத் தொடும்போது உண்டாகும் ஈர்ப்பே அதன் எடையைத் தாங்குகிறது. பல்லி சுவரில் நிற்பதும் இதே வகை ஈர்ப்பால்தான். கண்ணாடியில் செங்குத்தாக ஏறி நின்று அது முகம் துடைப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சாப்பாடே மறந்துபோனது.

பிங்க்டோ என்று கடைகளில் சொல்வது அவிகுலேரியா அவிகுலேரியா என்ற இனம். தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்தது: சூரினாம், கயானா, பிரேசிலின் வடக்கு. கரிய உடம்பு, எட்டுக் கால் நுனியிலும் இளஞ்சிவப்பு. குஞ்சாக இருக்கும்போது நிறம் தலைகீழ், உடம்பு வெளிறிய சிவப்பு, கால் நுனி கருப்பு. வளர்ந்த பெண் காலை விரித்தால் சுமார் 12 செ.மீ. இருக்கும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் 1699இல், தன் 52ஆவது வயதில், மகளை அழைத்துக்கொண்டு பூச்சிகளை வரைவதற்காகவே சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில், கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு குட்டிப் பறவையைத் தின்னும் படம் இருக்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் அந்தச் சிலந்திக்குப் பெயர் வைத்தபோது, லத்தீனில் சிறு பறவை என்று பொருள்படும் சொல்லிலிருந்து அவிகுலேரியா என்று வைத்தார். சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று பின்னால் வந்தவர்கள் மெரியனை நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அமேசானில் நேரில் கண்டு எழுதியபிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அன்றாடம் அது தின்பது பூச்சிகளைத்தான். ஆனால் ஒரு பெண் காட்டில் நின்று பார்த்து வரைந்ததை 150 வருடம் நம்பாமல் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன்.

என்னுடைய முதல் பிங்க்டோ ஐந்து மாதம்தான் இருந்தது. மூடியில் ஊசித் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடியோடு விற்றார்கள். தினமும் தண்ணீர் தெளித்து, உள்பக்கம் எப்போதும் ஆவி படிந்திருக்கும்படி வைக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். ஒருநாள் காலையில் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. முந்தின இரவுகூட நன்றாகத்தான் இருந்தது. எந்த நோயும் தெரியவில்லை. பிறகு விசாரித்தபோது, உலகம் முழுக்க இந்த இனத்தை வளர்த்தவர்கள் இதே போன்ற திடீர்ச் சாவைச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அனுபவசாலிகள் எல்லோரும் கைகாட்டியது ஒரே இடத்தை: காற்றோட்டம் இல்லாத ஈரப் பெட்டி.

மழைக்காட்டில் ஈரம் அதிகம் என்பது உண்மை. ஆனால் இந்தச் சிலந்தி தரைச் சகதியில் வாழவில்லை. மரத்தின் மேலே, காற்று ஓடும் இடத்தில் வாழ்கிறது. மழை பெய்யும், இலை நனையும், மழை விட்டதும் காற்றடித்து இலை காய்ந்துவிடும். ஈரமும் உண்டு, அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும் காற்றும் உண்டு. ஜாடிக்குள் நாம் ஈரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காற்றை வெளியே விட்டுவிடுகிறோம். டரான்டுலாவின் மூச்சுறுப்பு வயிற்றின் அடியில் இருக்கும் இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள். புத்தகத் தாள்கள் மாதிரி அடுக்கடுக்கான மெல்லிய மடிப்புகள், அவற்றின் நடுவே காற்று. நமக்கு இருப்பதுபோல் நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்கும் வேலை அதற்கு இல்லை. சுற்றியிருக்கும் காற்று எப்படியோ, அப்படித்தான் அதன் மூச்சும். தேங்கிய ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், மிச்சமான இரை அழுகும். அத்தனைக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும்.

ஆகவே பெட்டிக்கு முதல் தேவை எதிரெதிர்த் துளைகள். மூடியில் மட்டும் துளை இருந்தால் காற்று நகராது. ஒரு பக்கம் கீழே ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு வரிசை இருந்தால், கீழே நுழையும் காற்று மேலே போய் வெளியேறும். நம் ஊர் பழைய வீடுகளில் வாசலுக்கு நேராகக் கொல்லைக் கதவை வைத்ததும், கூரைக்குக் கீழே சாளரம் விட்டதும் எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் சிலவற்றில் முன்பக்கக் கதவுக்குக் கீழே ஒரு துளைப்பட்டையும் மேல்மூடியில் வலையும் சேர்ந்தே வருகின்றன. அது போதும்.

அப்போ தண்ணீர்? ஒரு சின்னக் கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். வாரம் ஒருமுறை நிரப்பும்போது கொஞ்சம் வழியவிட்டு, தரையில் ஒரு மூலை மட்டும் நனையும்படி செய்யுங்கள். மற்ற இடம் காய்ந்தே இருக்கலாம். இங்கே இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுபோகும். பலருக்கு அப்போதுதான் பயம் வந்து தெளிப்பானைக் கையில் எடுக்கிறார்கள். வேண்டாம். கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிதாக மாற்றினாலே அது தாகத்துக்குக் குடித்துக்கொள்ளும். குஞ்சுக்கு மட்டும் கிண்ணம் சரிப்படாது. சில நாளுக்கு ஒருமுறை வலையின் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தெளித்தால் நூலில் நிற்கும் துளியைக் குடிக்கும். அடுத்த முறை தெளிக்கும் முன் அது முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பெட்டி உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த சிலந்திக்கு 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், 30 செ.மீ. உயரம் தாராளம். அடியில் தேங்காய் நார்த்தூள் ஒரு 5 செ.மீ. பரப்புங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டியாக அழுத்தி ஏற்றுமதியாகும் அதே நார்த்தூள்தான் இங்கே செல்லப்பிராணிக் கடைகளில் செங்கல் வடிவில் கிடைக்கிறது. ஊறவைத்துப் பிழிந்து, உதிரியாக ஆறவிட்டுப் போட வேண்டும். அதன்மேல் ஒரு தக்கைமரப் பட்டையைச் சாய்த்து நிறுத்துங்கள். பட்டையின் மேல்நுனியில் ஒன்றிரண்டு இலைகள், பிளாஸ்டிக் இலை என்றாலும் சரி, தொங்கட்டும். நூலைக் கட்ட அதற்குப் பிடிமானம் வேண்டும். இலையும் பட்டையும் இல்லாமல் வெறும் கண்ணாடிப் பெட்டியில் விட்டால், எங்கே கட்டுவதென்று தெரியாமல் மூலையில் குறுகியே கிடக்கும்.

மேலே திறக்கும் பெட்டியைவிட முன்னால் திறக்கும் பெட்டி இதற்கு நல்லது. மரச் சிலந்தி எப்போதும் உச்சியில்தான் வீடு கட்டும். மூடி மேலே இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் வீட்டுக் கூரையைப் பிய்க்கிறீர்கள். அது வெளியே பாயவும் செய்யும்.

வெப்பத்துக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். நீங்கள் சாதாரணச் சட்டையோடு வசதியாக உட்காரும் அறை, சுமார் 22 முதல் 26 டிகிரி, அதற்கும் போதும். பெட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பும், மேலே பல்பும் வைத்து வறுத்துவிடாதீர்கள். வெயில் நேராக விழும் ஜன்னலோரமும் ஆகாது. கண்ணாடிப் பெட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

தீனி எளிது. கிரிக்கெட் என்று கடையில் விற்கும் சில்வண்டு, சின்ன வெட்டுக்கிளி, கரப்பான் எல்லாம் தின்னும். கரப்பானை விட்டால் நேராக நார்த்தூளுக்குள் புதைந்துகொள்ளும், மேலே உட்கார்ந்திருக்கும் சிலந்திக்கு அது வந்ததே தெரியாது. அதனால் ஏறக்கூடிய பூச்சிதான் இதற்கு ஏற்றது. சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிய இரை போடக் கூடாது. வளர்ந்ததற்கு வாரத்துக்கு ஒன்று போதும், குஞ்சுக்கு வாரம் இரண்டு முறை பழ ஈயோ பொடிச் சில்வண்டோ. ஒருநாளில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம், எந்தச் செடியில் எந்த மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. மருந்து என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொசுவத்தி, கொசுவிரட்டி, கரப்பான் ஸ்ப்ரே, நாய் பூனைக்குப் போடும் உண்ணி மருந்து எல்லாமே பூச்சிகளையும் அவற்றின் உறவுகளையும் கொல்லச் செய்தவை. சிலந்திக்கும் அதே கதிதான். அந்த அறையில் அவை எதுவும் இருக்கக் கூடாது. நாய்க்கு மருந்து தடவிய கையோடு பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஒருநாள் திடீரென்று சாப்பிடாது. இரண்டு வாரம், மூன்று வாரம், சில நேரம் இரண்டு மாதம்கூட. புதிதாக வளர்ப்பவர்களுக்கு இங்கேதான் தூக்கம் போகும். பெரும்பாலும் அது சட்டை உரிக்கத் தயாராகிறது. டரான்டுலாவின் தோல்தான் அதன் எலும்பும். அது வளராது, ஆகவே உள்ளே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு பழையதைக் கழற்ற வேண்டும். குஞ்சுகள் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பெண் வருடத்துக்கு ஒருமுறை. மரச் சிலந்தி தன் நூல்குழாயின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே இதை முடித்துவிடும். சில சமயம் வெளியே மல்லாந்து கிடந்தும் உரிக்கும். மல்லாந்து கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டதென்று நினைத்து எடுத்துத் தொட்டுவிட்டால் அப்போதுதான் உண்மையில் அது சாகும். செத்த சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடக்காது, கால்களை அடியில் மடக்கிக்கொண்டு குப்புறக் கிடக்கும். அதன் காலை நீட்டுவதற்குத் தசை இல்லை, உடம்புத் திரவத்தின் அழுத்தம்தான் நீட்டுகிறது. அழுத்தம் குறைந்தால் கால் மடங்கும். நீர் வற்றிய சிலந்தியும் இப்படித்தான் மடங்கும், அப்போது உடனே தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் வாய் படும்படி வைத்தால் சில நேரம் பிழைத்துக்கொள்ளும்.

உரித்து முடித்ததும் விஷப்பற்கள் வெள்ளையாக, மெழுகு மாதிரி மென்மையாக இருக்கும். அவை கருக்கும்வரை, ஒரு வாரம் பத்து நாள், இரை போடாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு சில்வண்டுகூட அதைக் கடித்துக் காயப்படுத்திவிடும். கழற்றிப் போட்ட சட்டையை எறிய வேண்டாம். ஈரப்படுத்தி மெதுவாக விரித்து, வயிற்றுப்பகுதியின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ஆணா பெண்ணா என்று தெரியும். பெண்ணுக்கு அங்கே விந்து சேமிக்கும் பை இருக்கும். இது தெரிந்துகொள்வது முக்கியம். பெண் பத்து வருடத்துக்குப் பக்கமாக உங்களோடு இருக்கும், ஆண் மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும்.

கையில் எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிங்க்டோ சாது. கடிப்பதைவிட ஓடுவதையே விரும்பும், ரொம்பத் தொந்தரவு செய்தால் பின்பக்கத்தைத் திருப்பிக் கழிவைப் பீய்ச்சும். வயிற்றில் அரிப்புத் தரும் நுண்முடிகளும் உண்டு, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நமக்கு இதெல்லாம் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து அதற்குத்தான். திடீரென்று தாவும் பழக்கம் அதற்கு உண்டு. நின்றபடி கையில் வைத்திருக்கும்போது தாவித் தரையில் விழுந்தால் வயிறு வெடித்துவிடலாம். அதைத் தொட்டுத் தடவினால் அதற்கு எந்தச் சுகமும் இல்லை. பெட்டி மாற்றும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முன்னால் வைத்து, மென்மையான பெயின்ட் பிரஷால் பின்காலை லேசாகத் தொட்டால் தானாக உள்ளே நடந்து போய்விடும். அந்த வேலையையும் தரையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது நம் பக்கத்துச் சிலந்தியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மர டரான்டுலாக்களிலேயே உலகம் முழுக்க ஆசைப்பட்டு வளர்க்கும் ஒரு பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. பெயர் பொயசிலோதீரியா. சாம்பல், வெள்ளை, கருப்பு நிறங்களில் மரப்பட்டையில் கோலம் போட்ட மாதிரி இருக்கும், பட்டையோடு பட்டையாக ஒட்டிப் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. 1899இல் ஆந்திராவின் கூத்தி ரயில் நிலையத்தில், மரக்கட்டைகள் அடுக்கிய இடத்தில் நீலநிறச் சிலந்தி ஒன்று கிடைத்தது. அதன் பிறகு சுமார் நூறு வருடம் அதை யாரும் பார்க்கவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில் மறுபடி கண்டார்கள். அதுதான் பொயசிலோதீரியா மெட்டாலிகா. இன்று ஐரோப்பாவில் வீடுகளில் குஞ்சு பொரித்து விற்கிறார்கள். அதன் சொந்தக் காடோ விறகுக்காக வெட்டி வெட்டித் துண்டாகிக் கிடக்கிறது.

2004இல் ராமேசுவரம் தீவில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். கிடைத்த இடத்தருகே இருந்த அனுமார் கோயிலை வைத்து அதற்கு ஹனுமவிலாசுமிகா என்று பெயரிட்டார்கள். அங்கே அது இருப்பது புளியமரத் தோப்புகளிலும் பனைமரங்களிலும். பிறகு 2015இல், கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாரிலும் அதே சிலந்தி இருப்பதாக எழுதினார்கள். பாம்பனுக்கும் மன்னாருக்கும் இடையே இருந்த பழைய நிலத் தொடர்பை ஒரு சிலந்தி தன் உடம்பில் சுமந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. இது மிக அருகிவிட்ட இனம். ஒரு தோப்பை வீட்டுமனையாக்கினால் ஒரு கூட்டமே அழிந்துபோகும் நிலை.

இந்தப் பேரினத்தைப் புதிதாக வளர்ப்பவர்கள் தொடவே கூடாது என்பது என் முடிவான கருத்து. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களுக்குப் பெரும்பாலும் அரிப்பு முடிகள் இருக்கும், விஷம் லேசானது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவற்றுக்கு அந்த முடிகள் கிடையாது, தற்காப்புக்குக் கடிதான். பொயசிலோதீரியா மின்னல் வேகத்தில் ஓடும். அது கடித்தால் சாக மாட்டோம், ஆனால் வலி கடுமையாக இருக்கும், சில மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு தொடங்கி நாட்கணக்கில் விட்டு விட்டு வரும். பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கே கை நடுங்கும் சிலந்தி அது.

இன்னொரு காரணம் சட்டம். காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும் இருக்கிறது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் 2022இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது புளியந்தோப்பில் ஒன்றைப் பார்த்தால், தயவுசெய்து டப்பாவைத் தேடி ஓடாதீர்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இங்கே இங்கிலாந்தில் டரான்டுலா வளர்க்க உரிமம் தேவையில்லை, 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் பட்டியலில் அவை இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போது காட்டில் பிடித்ததா, வீட்டில் பொரித்ததா என்று கேளுங்கள். வீட்டில் பொரித்த குஞ்சை மட்டும் வாங்குங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் வாங்க வேண்டாம்.

மருமகன் கடைசியில் ஒரு குஞ்சு வாங்கிவிட்டான். விரல் நகம் அளவுதான் இருக்கிறது. சின்ன டப்பாவில் இரண்டு பக்கமும் சூடான ஊசியால் துளை போட்டு, ஒரு பட்டைத் துண்டும் ஓர் இலையும் வைத்து எனக்குப் படம் அனுப்பினான். முதல் ஒரு வாரம் ஒரே புலம்பல், "மாமா, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு, நகரவே மாட்டேங்குது." விடு, புது இடம், பழகட்டும் என்றேன். நேற்று ராத்திரி இன்னொரு படம் வந்தது. இலைக்கும் மூடிக்கும் நடுவே பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு குழாய், அதன் வாயில் எட்டுக் கருப்புக் கால்நுனிகள்.